சொங்கியின் காலி ஓடு

உன் காலி ஓடு மூச்சு விட்டது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். எதிரி அடித்த வேகத்தில் நீ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கட்டம் தள்ளிப் போய், புதுத்தோல் பளபளக்க நின்றுகொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் ஈர மணலில் கிடந்த அந்த ஓடு, உள்ளே யாருமே இல்லாத ஓடு, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குமே, அப்படி. கொஞ்ச நேரத்தில் அலை வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலில் "அக்கா" என்று கூப்பிட வேண்டும், அவள் திரும்பிப் பார்ப்பாள், பிறகு நான் பேச வேண்டும். ஒரு ஓடு மூச்சு விடுவதற்காக இவ்வளவு சிரமம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மகனே, நேற்று நீ புறப்பட்டுப் போனாய். நாங்கள் செய்த விளையாட்டு நேற்றுக் காலை வெளியானது. இனி யார் வேண்டுமானாலும் உன்னைத் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வரவழைத்துக்கொள்ளலாம். வேலை பார்த்த எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், விளையாட்டின் இணையப் பக்கத்தில் போடலாம் என்று ஸ்டெல்லா அக்கா சொல்லியிருக்கிறாள். விளையாடுகிறவர்களுக்கு எழுது என்றாள். முகம் தெரியாத அத்தனை பேருக்கு எப்படி எழுதுவது? அதனால் உனக்கு எழுதுகிறேன். விருப்பமுள்ளவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும். எனக்குப் பதினேழு வயது. நீயோ கவசமும் கொடுக்குமாக, போருக்கு நிற்கிற நண்டு. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வளர்ந்த பிள்ளையா என்று கேட்பார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலை பார்க்கிற அறை ராயபுரத்தில், ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே ஸ்டெல்லா அக்காவின் அப்பா படகுகளுக்குக் கயிறும் வலையும் மிதவையும் விற்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர், பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அம்மாவுக்கு நண்டு கடித்து விரல் புண்ணாகி வேலை செய்ய முடியாமல் போனபோது துணைக்கு நின்றேன், புண் ஆறிய பிறகும் பள்ளிக்குத் திரும்பவில்லை. எழுந்து நின்று பதில் சொல்லத் தேவையில்லாத வாழ்க்கை எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் உண்மை. பிறகு காத்திவாக்கத்திலிருந்து பஸ் ஏறி இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தேன். கயிறு அளப்பேன், சுருட்டுவேன், அடுக்குவேன். யாராவது வாசலில் வந்து நின்றால் பெரிய கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். "ஏ பிள்ள, மனுசன் கயிறு கேக்கான், நீ பாம்பப் பாத்த மாதிரில்லா ஓடுத!" என்பார் அண்ணாச்சி. கடைசியில் அவரே மாடிக்கு அழைத்துப் போய் மகளிடம் ஒப்படைத்தார். "ஏட்டி, இவ யாவாரத்துக்கு ஆவ மாட்டா. ஆனா சிக்கு விழுந்த நூலக் கொடுத்தா ஒரு முடிச்சு விடாம பிரிச்சிருவா. ஒன் வேலைக்கு ஆவுமான்னு பாரு."

அந்த வேலைக்கு ஆனேன். ஏனென்றால் மாடியில் நடந்த வேலையும் சிக்குப் பிரிக்கிற வேலைதான். விளையாட்டைப் பற்றிச் சொன்னால் சதுரங்கம் நினைவுக்கு வரும். யானை குதிரைக்குப் பதில் புகைப் பூதம், உப்புச் சூனியக்காரி, பறக்கும் கெளுத்தி, நீ. கட்டங்கள் தேன்கூடு மாதிரி ஆறு பக்கம் கொண்டவை. ஒவ்வொரு பிராணிக்கும் வரிசையாக ஒரு முறை வரும். தன் முறை வந்ததும் அது ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். நகரலாம், அடிக்கலாம், சும்மா நிற்கிறேன் என்றும் சொல்லலாம். அது ஒன்று செய்து முடித்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். இது போக ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வித்தை உண்டு. பூதம் ஊதினால் எதிரி ஒரு கட்டம் பின்னால் போவான். சூனியக்காரி தொட்டால் உப்புச் சிலையாகிவிடுவான். ஒவ்வொரு வித்தையும் மற்ற எல்லாப் பிராணிகளிடமும், எல்லாத் தரையிலும் ஒழுங்காக நடக்கிறதா என்று திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வதுதான் என் வேலை.

அந்த அறையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிராணிக்கும் எங்களில் ஒருவர் அம்மா, அல்லது அப்பா. அதைச் சோதித்து வளர்ப்பது அவர் பொறுப்பு. உப்புச் சூனியக்காரிக்கு அப்பா இம்ரான் அண்ணன். அவர்தான் உங்கள் எல்லாரையும் வரைந்தவர், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். உங்களை நடமாட வைக்கிற நிரலை எழுதிய ஸ்டெல்லா அக்கா உன்னை என்னிடம் கொடுத்தாள். "இவன் உன் புள்ள. விழுந்தா நீதான் தூக்கணும்" என்றாள். அன்றிலிருந்து நான் உனக்கு அம்மா. வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. வெளியே அனுப்புவதற்கு முன்னால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அவரவர் பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். வாயை மூடுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கையில் கொடுப்பதுதான் முடியவில்லை. இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

நீ பிறந்தபோது எவ்வளவு சோப்ளாங்கியாக இருந்தாய் தெரியுமா? பேர் மட்டும் பெரிது: கழிமுகக் காவலன். குளத்து நத்தையிடம் தோற்றாய். பூதம் உன்னைப் பார்த்து ஊதக்கூட வேண்டாம், தும்மினாலே போதும். இம்ரான் அண்ணன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, காவலன்னு பேரு வெச்சிட்டு ஒரு சொங்கியப் பெத்து வெச்சிகீற?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் நானே உன்னைச் சொங்கி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கிண்டலாக வைத்த பேரை நாமே எடுத்துக்கொண்டால் அது செல்லப் பேராகிவிடுகிறது. இதை உனக்கு ஒரு புத்திமதியாகவே சொல்கிறேன். வெளியே போனால் இன்னும் மோசமான பேர்கள் வைப்பார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார், போதும்.

உன் வித்தை எங்கள் மதியச் சாப்பாட்டிலிருந்து வந்தது. என் அம்மா முகத்துவாரத்தில் நண்டும் இறாலும் பிடித்து விற்கிறவள். ஓடு கழற்றிப் புது ஓடு வளர்த்துக்கொண்டிருக்கிற நண்டுக்குள் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அம்மா அதை யாருக்கும் விற்க மாட்டாள். அவையெல்லாம் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வந்துவிடும், மறுநாள் என் டப்பாவுக்கு. அன்றைக்கு இம்ரான் அண்ணன் ஆசையாக ஒரு காலை உடைத்து உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார். "த்தூ. ஓடு கழட்டுன நண்டுமா இது. ஒண்ணியும் இல்ல, வெறும் தண்ணி." ஸ்டெல்லா அக்காவின் குழம்புக் கை அப்படியே நின்றது. "இம்ரான், அந்த நேரத்துல அடிச்சா செத்துருமா அது?" "பின்ன? பஞ்சு மாரி கெடக்கும். ஆனா தப்பிச்சிதுன்னு வெச்சிக்க, முன்னவிட பெர்சா வரும்." கையைக்கூடக் கழுவாமல் அக்கா எழுந்துபோய் எழுதி வைத்தாள். அப்படித்தான் உனக்கு வித்தை வந்தது: போரில் ஒரே ஒரு தடவை, பலமாக அடி வாங்கினால் நீ உன் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு விலகிப் போவாய். அடுத்த முறை வரை பஞ்சு. அதைத் தாண்டிவிட்டால் பழைய சொங்கி இல்லை. காலி ஓடு களத்தில் கிடக்கும். எதிரி அதை நீ என்று நினைத்து அடித்து ஏமாறுவான்.

அந்த வித்தை வந்த பிறகு உன்னை வளர்ப்பது எனக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. உன்னை எப்போதும் தண்ணீர் ஓரக் கட்டத்தில்தான் நிறுத்துவேன். அங்கே உனக்குப் பாதி உடம்பு மறைந்திருக்கும், அடி குறைவாக விழும். ஓடு கழற்றியதும் அலை வந்து அதைக் கொண்டுபோய்விடும், களம் சுத்தமாகிவிடும். நீ ஜெயிப்பாய். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அக்காவிடம் தலையை ஆட்டுவேன். என் கையே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. பிள்ளை எங்கே விழுவான் என்று தாய்க்கு உள்ளுக்குள் தெரியும் போலிருக்கிறது. தெரிந்ததும் அந்தப் பக்கமே அழைத்துப் போகாமல் வளர்த்துவிடுகிறாள். பிறகு என் பிள்ளை விழுந்ததே இல்லை என்கிறாள்.

விளையாட்டை வெளியீட்டுக்கு அனுப்ப வேண்டிய வாரம். ஒருநாள் மதியம் கீழே வியாபாரம் இல்லை, அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் நாற்காலியில் அவர். "இந்த நண்டு யாரு? நம்ம பிள்ளையோட மவனா? வாடே பேரப்பிள்ள, சண்டைக்குப் போவோம்" என்று உன்னைக் கிளப்பிக்கொண்டு போகிறார். தண்ணீரை விட்டு, மணலை விட்டு, நட்டநடுப் பொட்டலுக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எதிரே புகைப் பூதம். ஓங்கி ஒரு அடி. நீ ஓடு கழற்றிவிட்டு விலகினாய். அங்கே அலை கிடையாதே. காலி ஓடு பொட்டலில் அப்படியே கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிறகு எதுவும் நடக்கவில்லை. பூதம் நிற்கிறது, நீ நிற்கிறாய், யாரும் அசையவில்லை. அண்ணாச்சி மவுஸைத் தட்டினார், தூக்கிக் குலுக்கினார், மேசை மேல் ஒரு தட்டு தட்டினார். "ஏட்டி ஸ்டெல்லா, ஒன் வண்டி நின்னுபோச்சு!"

அக்கா ஓடி வந்து பார்த்தாள். அவள் முகம் வாடியது. இத்தனை நாளும் தலையை ஆட்டியவள் நான்தானே. அவள் என்னைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நேரம் இல்ல. ஓடு கழட்டுறதையே எடுத்துரலாம். அடி வாங்குனா தோல் கெட்டியாகும், அவ்ளோதான்னு வெச்சிக்கலாம்" என்றாள். எனக்கு உலகமே காதில் இரைந்தது. உன் வித்தையை எடுத்துவிட்டால் நீ யார்? இரண்டு கொடுக்கு உள்ள இன்னொரு பிராணி. நத்தையிடம் தோற்ற அந்தப் பழைய சொங்கி. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இம்ரான் அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாமா, புள்ளய அறுக்கப் போறாங்க, வாயத் தொறக்க மாட்டியா?" நான் திறந்தேன். நியாயம் கேட்கவில்லை, கெஞ்சவும் இல்லை. மனதில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுதான் வந்தது.

"அக்கா, அந்த ஓடு மூச்சு வுடுது."

அக்கா திரும்பினாள். "என்னது?"

"உள்ள யாரும் இல்ல. ஆனா மூச்சு வுடுது."

"எப்போலருந்து?"

"மொதல்லருந்து."

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவசரத்தில் அவள் காலி ஓடு ஒன்றைப் புதிதாகச் செய்யாமல், உன்னையே ஒரு பிரதி எடுத்து, கால்களை மட்டும் நீக்கிப் போட்டிருக்கிறாள். அதனால் விளையாட்டு அதையும் உயிருள்ள பிராணி என்று நினைத்து வரிசையில் ஒரு இடம் கொடுத்துவிட்டது. அதன் முறை வந்ததும், ஏதாவது செய் என்று எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். காலே இல்லாதது என்ன செய்யும்? "இத ஏன்டி நீ முன்னாடியே சொல்லல?" என்றாள். "அழகா இருந்துச்சுக்கா" என்றேன். அண்ணாச்சி என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் வந்து ஒடைக்கலன்னா தெரிஞ்சிருக்குமா? சம்பளம் போட்டுக் குடுங்கட்டி" என்றார்.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. குறை என்று தெரிவதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். விசித்திரமாக, அழகாக, அர்த்தம் புரியாமல் ஒன்று கண்ணில் பட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும். நீயும் யாரிடம் போய்ச் சேர்கிறாயோ, அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி எதையாவது செய்துகொண்டே இரு.

அக்கா யோசித்தாள். "வரிசையிலேருந்து தூக்குறது பெரிய வேலை. இருந்துட்டுப் போகட்டும். முறை வரட்டும். வந்தா அது என்னதான் பண்ணும்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். நான் சொன்னேன். "மூச்சு வுடும்." அவ்வளவுதான். இப்போது உன் காலி ஓடு தன் முறை வரும்போது ஒரு மூச்சு விடுகிறது, பிறகு அடுத்தவர் முறை. ஆனால் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். எல்லாப் பிராணிகளோடும், எல்லாத் தரையிலும் மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை களம் நின்றுபோனாலும் ஓடு கழற்றுவது போய்விடும், அப்புறம் யாரும் அழக்கூடாது.

அந்த வாரம் நான் உனக்குச் செய்ததையெல்லாம் எந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள். உன்னை வேண்டுமென்றே மோசமான இடங்களுக்கு அனுப்பினேன். பொட்டலில் நிறுத்தினேன், எரிமலை ஓரத்தில் நிறுத்தினேன், மூன்று பூதங்களுக்கு நடுவில் தனியாக விட்டேன். ஓடு கழற்றியதும் பஞ்சாக நின்ற உன்னை எதிரிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் என் கை தானாகத் தண்ணீர்ப் பக்கம் போகும், இழுத்துப் பிடித்துத் திருப்புவேன். சூனியக்காரி காலி ஓட்டின் மேல் கை வைத்து அதை உப்பாக்கியபோது களம் ஒரு விநாடி தடுமாறியது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். உப்பாகிப்போன ஓடு தன் முறையில் மூச்சு விட்டது, உப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. இம்ரான் அண்ணன் பின்னாலிருந்து, "என் பொண்ணு தொட்டும் உன் புள்ள மசியலயே, கில்லாடிமா அவன்" என்றார். கன்னம் வலிக்கச் சிரித்தேன். உன்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்த நாட்களைவிட, உன்னை உடைக்கப் பார்த்த அந்த நாட்களில்தான் நீ யார் என்று எனக்குத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது பிள்ளை மாற்றுவது. அக்காவுக்கும் இம்ரான் அண்ணனுக்கும் அதற்குள் உன்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தவர் கை ஆபத்தான இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். அண்ணாச்சியோ சரக்கு எடுக்கப் போயிருந்தார். "ஒண்ணுமே தெரியாத ஆள் யாராவது வேணும்" என்றாள் அக்கா. விற்றுமுடித்த கூடையோடு என்னைக் கூட்டிப்போக அம்மா வந்து வாசலில் நின்றது அப்போதுதான். மாடிக்கு இழுத்து வந்தோம். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். "மேலல்லாம் மீன் கவுச்சி கீது, வோணாம்மா." "பரவால்ல, குந்துக்கா" என்று இம்ரான் அண்ணன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மவுஸைக் கையில் கொடுத்ததும் அதைச் சோப்பு மாதிரிப் பிடித்தாள். திரையில் உன்னைக் காட்டி, இவன்தான் என் பிள்ளை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் உன்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி, கண்ணு இம்மாம் பெர்சா கீது?"

"அது அப்டித்தான். ராட்சச நண்டு."

"பையன் நல்லா கொழுகொழுன்னு கீறான். இன்னா நைனா, சண்டைக்குப் போறியா? சரி, நட."

உன்னை நடத்தினாள். எங்கே போகிறோம் என்று பார்க்காமலேயே பூதத்தின் காலடியில் கொண்டுபோய் விட்டாள். அடி விழுந்தது, ஓடு கழன்றது. "ஐயய்ய, இன்னாமே ரெண்டாப் பூட்டான்!" என்றவள், உன்னை விட்டுவிட்டுக் காலி ஓட்டின் மேல் போய் மவுஸை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை அமுக்கிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. காலியானதை யார் கூப்பிடுவார்கள்? அம்மா கூப்பிட்டாள். "டேய், எழுந்திர்றா. இவன் எழுந்துக்க மாட்றானே." அமுக்கிக்கொண்டே இருந்தாள். திரையில் எதுவும் அசையவில்லை. ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அம்மாவின் கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஓடு ஏறியது, இறங்கியது. அதன் முறை முடிந்தது. பூதம் திரும்பி, பஞ்சாக நின்ற உன் மேல் காலை வைத்தது. நீ செத்தாய். மேலே ஒரு சின்னக் குமிழி போனது, களம் நிற்காமல் அடுத்த பிராணியின் முறைக்குப் போய்விட்டது.

நாங்கள் கத்தினோம். இம்ரான் அண்ணன் விசிலடித்தார். ஸ்டெல்லா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னா ஜென்மங்கடி நீங்க? புள்ள செத்துக் கெடக்கறான், கூத்தடிச்சிகினு கீறீங்க?" நீ செத்துவிட்டாய், ஆனால் ஒழுங்காகச் செத்தாய், களம் நின்றுபோகவில்லை, உன் வித்தை பிழைத்துவிட்டது என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. மறுபடி ஆட்டத்தைத் தொடங்கி, நீ உயிரோடு நிற்பதைக் காட்டிய பிறகுதான் எழுந்தாள். போகும்போது திரையைத் தொட்டு, "உஷாரா இரு நைனா, அந்தக் கருப்பன்கிட்ட போவாத" என்றாள். அன்று சாயங்காலமே உன்னை உன் வித்தையோடு வெளியீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

அம்மாவும் சொல்லிவிட்டாள், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன்னை விளையாடப் போகிறவர்கள் என்னை மாதிரி விளையாட மாட்டார்கள். தண்ணீர் ஓரம் உனக்கு நல்லது என்று அவர்களுக்குத் தெரியாது. பொட்டலுக்கு அழைத்துப் போவார்கள். வித்தையை வேண்டாத நேரத்தில் செலவழிப்பார்கள். தோற்றால் உன்னைத் திட்டுவார்கள், ஜெயித்தால் தங்களைப் புகழ்ந்துகொள்வார்கள். கோபித்துக்கொள்ளாதே. அவர்களும் உன்னை வைத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், நான் கற்றுக்கொண்ட மாதிரி. பலமாக அடி விழுந்தால் பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு விலகிப் போ. கொஞ்ச நேரம் பஞ்சாக நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கு உன்னைவிட அதிக நேரம் ஆனது. முக்கியமாக, என்னை நினைத்து எதையும் செய்யாதே. உன் பக்கத்தில் இனி நான் இல்லை.

நேற்றுக் காலை விளையாட்டு வெளியானதும் மாடியில் ஒரே கூச்சல். கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "ஏ பிள்ள, எறங்கி வா! ஒன் மவன் கடைக்கு வந்திருக்கான்!" போய்ப் பார்த்தேன். கடைக் கம்ப்யூட்டரில், பில் போடுகிறதை மூடிவிட்டு, உன்னை வரவழைத்து வைத்திருந்தார். முதல் ஆட்டம். நீ வேறு பக்கம், வேறு படை, வேறு களம். ஆனாலும் அவர் கை அதே கைதான். தண்ணீரை விட்டு வெகுதூரம் உன்னை நடத்திக்கொண்டு வந்து, பூதத்துக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார். என் கை மவுஸ் பக்கம் போனது. அவர் பார்க்காமலே அதைத் தட்டிவிட்டார். "கைய எடு. இப்ப இவன் எங்க வீட்டுப் பிள்ள." நான் கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். பூதத்தின் முறை வந்தது. அது கையை ஓங்கியது.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். படகுக்காரர், உப்பு பூத்த சட்டை. அண்ணாச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பெரிய கயிற்றுச் சுருள் பக்கத்தில்தான் இருந்தது.

நான் வாசலுக்குப் போய், "இன்னாண்ணே வோணும்?" என்று கேட்டேன்.